கால் இழந்தவர் வீட்டுக்கான 'பாதுகாப்பு செட்': திரட்டிய பணத்தில் எதை வாங்கலாம், எதை விடலாம்

கால் எடுக்கப்பட்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்குள் வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று நண்பர்களும் உறவினர்களும் பணம் சேர்க்கிறார்கள். கொஞ்சம் சேர்ந்ததும் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு செட்: சுவரில் ஒட்டும் கைப்பிடிக் கம்பி இரண்டு, குளிக்க ஒரு ஸ்டூல், கமோடு மேல் வைக்கும் உயர்த்தி, மடக்குச் சாய்தளம், வழுக்காத மேட். ஒரே பெட்டி, ஒரே பில். வாங்கிக் கொடுத்தவர்களுக்கும் மனநிறைவு.

இந்த செட்டுகள் இரண்டு காலும் தளர்ந்த முதியவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவர் தடுமாறினால் இன்னொரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார். ஒற்றைக் காலில் நிற்பவருக்கு எடுத்து வைக்க இன்னொரு கால் இல்லை. உடம்பின் மொத்த எடையும் ஒரே கையில், ஒரே பக்கத்தில், ஒரே இழுப்பில் இறங்கும். கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு சோதனைதான்: அந்த இழுப்பை இந்தப் பொருள் தாங்குமா?

ஒட்டும் கம்பி தாங்காது. 5-க்கு 0. சக்‌ஷன் கப்புக்குள் (கம்பியைச் சுவரில் பிடித்துவைக்கும் ரப்பர்க் கிண்ணம்) வெற்றிடம் நிற்க வேண்டுமானால் வழவழப்பான, கப்பைவிடப் பெரிய ஒரே டைல் வேண்டும். விளிம்பு இரு டைல்களுக்கு நடுவே உள்ள கிரவுட் கோட்டின்மேல் ஏறினாலே காற்று கசியும். சொரசொரப்பான டைலிலும் பெயின்ட் அடித்த சுவரிலும் ஒட்டவே ஒட்டாது. சரியாக ஒட்டிய கப்பிலும் காற்று மெல்ல உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். பச்சை, சிவப்பு அடையாளம் வைத்த மாடல்களை நம்புகிறவர்கள் உண்டு. பச்சை என்றால் அந்த நேரத்தில் வெற்றிடம் இருக்கிறது, அவ்வளவே. பக்கவாட்டில் இழுத்தால் நிற்குமா என்பதை அது சொல்லாது. முழு உடல் எடைக்கு உகந்ததல்ல என்று தயாரிப்பாளரே பொடி எழுத்தில் போட்டிருப்பதும் வழக்கம். அதைப் பெட்டியின் முன்பக்கத்தில் போட்டிருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள்.

அதற்குப் பதிலாக, சேர்ந்த பணத்தின் முதல் பங்கு சுவரில் திருகிப் பொருத்தும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பிக்குப் போகட்டும். 304 ரகம், 32 முதல் 38 மி.மீ. பருமன், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 38 மி.மீ. இடைவெளி. இடைவெளி குறைந்தால் விரல் சரியாக நுழையாது. கூடினால் வழுக்கும்போது முன்கை உள்ளே போய்ச் சிக்கும். கண்ணாடிபோல் பாலிஷ் போட்டதைத் தவிர்த்து, பிடிக்கும் இடம் சொரசொரப்பாக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள்; சோப்புக் கையில் வித்தியாசம் தெரியும். கிடைமட்டக் கம்பியின் உயரம் தரையிலிருந்து 840 முதல் 915 மி.மீ. என்பதும், 1,112 நியூட்டன் விசையை, அதாவது ஏறத்தாழ 113 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்பதும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டமான ஏடிஏ-வின் அணுகல் விதி. வேறு அளவுகோல் கையில் இல்லாதபோது இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

கம்பி ஒடிந்து விழுவது அரிது. கம்பியைச் சுவரோடு பிடித்துவைக்கும் ஆங்கர் பிடுங்கிக்கொண்டு வந்துதான் பெரும்பாலும் விழுகிறார்கள். கெட்டியான செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் இறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஸ்லீவ் ஆங்கர் போதும். உள்ளே பொந்து உள்ள பிளாக் சுவரில் அது விரிந்து பிடிக்க இடமே இருக்காது. வலைக்குழாய் நுழைத்து, பிசினாக இறங்கி இறுகும் கெமிக்கல் ஆங்கர் ஊற்ற வேண்டும், அது முழுதாக இறுகும்வரை கம்பியைத் தொடக்கூடாது. பலகைத் தடுப்பு என்றால் பின்னால் கட்டை வைத்து அடைக்காமல் கம்பி போடவே வேண்டாம். டைலில் துளையிடும்போது மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லின் ஹேமர் (இடித்துத் துளைக்கும்) பொத்தானை அணைத்து, டைல் பிட்டால் டைலை மட்டும் கடந்த பிறகே சுவர் பிட்டை மாற்றி ஹேமரைப் போட வேண்டும். ஆங்கரின் விரியும் பகுதி டைலைத் தாண்டிச் சுவருக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். பாதி டைலுக்குள் நின்றால் திருகும்போது விரிந்து டைலையே பிளக்கும். திருகும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகு, ஆசிட் ஊற்றிக் கழுவும் குளியலறையில் தலை மட்டும் பளிச்சென்று இருக்க, உள்ளே துருப்பிடித்துப்போயிருக்கும். துளையைச் சுற்றி சிலிகான் பூசி மூடுங்கள். வேலை முடிந்ததும் வீட்டிலேயே கனமான ஆள் ஒருவர் கம்பியைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து முழு எடையும் கொடுத்து இழுத்துப் பார்க்கட்டும். துளியளவு அசைந்தாலும் கழற்றி மறுபடி போட வேண்டியதுதான்.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்குக் கடைக்காரர் 'நல்ல கால் இருக்கும் பக்கம்' என்பார். பாதி சரி. உள்ளே போகும்போது வலப்பக்கம் இருந்த சுவர், திரும்பி வரும்போது இடப்பக்கம் வந்துவிடும். ஆகவே கமோடுக்கு இரு பக்கமும், குளியலறைக் கதவுக்கருகே செங்குத்தாக ஒன்றும் வேண்டும். ஒரு கையும் இழந்தவர் என்றால் இன்னும் கவனம்: இருக்கிற கைக்கு எட்டும் இடத்தில் இல்லாத கம்பி வெறும் அலங்காரம்.

ஷவர் ஸ்டூலை விட்டுவிட்டு, கைப்பிடியும் முதுகுச்சாய்வும் உள்ள ஷவர் நாற்காலி வாங்குங்கள். அதற்கு 5-க்கு 4. செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுத்தான் பெரும்பாலும் குளிக்க முடியும். ஒற்றைக் காலால் எழும்போது இரு கைகளாலும் அழுத்தி எழ இடம் வேண்டும். ஸ்டூலில் அது கிடையாது. சட்டம் அலுமினியமா என்று பாருங்கள். பவுடர் கோட்டிங் அடித்த இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். நாற்காலி ஆடுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் குறை நாற்காலியில் இல்லை. தரை ஒரே சரிவாக இருந்தால் நான்கு காலும் படியும். தண்ணீர் போகும் துளைக்கருகே இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில் போட்டால்தான் ஒரு கால் தூக்கும். ஒரு முழம் தள்ளிப் போட்டால் தீர்ந்தது. நாற்காலிக் காலின் உயரத்தை மாற்றும் துளைகள் 25 மி.மீ. இடைவெளியில் இருப்பது வழக்கம் என்பதால், அதைக் கொண்டு இந்தச் சின்ன ஆட்டத்தைச் சரிசெய்ய முயல வேண்டாம். ஹேண்ட் ஷவரை உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் அதை எடுக்க எழுந்து நிற்பார்.

கமோடு உயர்த்திக்கு 5-க்கு 1. கவ்வியால் கோப்பையில் இறுக்குவது அது. இருக்கையின் ஓரத்தில் ஒருபக்கமாக எடை விழும்போது நழுவுகிறது. ஒற்றைக் கால் உள்ளவர் உட்காருவதே ஒருபக்கமாகத்தான். கமோடைச் சுற்றித் தரையில் நிற்கும் நான்கு கால் சட்டம் பரவாயில்லை, ஆனால் ஒரு கைப்பிடியை மட்டும் அழுத்தி எழுந்தால் அதுவும் சாயும். சுவர்க் கம்பி இருந்தால் துணையாக வைத்துக்கொள்ளலாம். இருக்கை உயரம் தரையிலிருந்து 430 முதல் 485 மி.மீ.க்குள், சக்கர நாற்காலியின் இருக்கை உயரத்துக்குச் சமமாக இருந்தால் மாறி உட்காருவது எளிது. பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும் என்பதே மேல் வரம்பு.

சாய்தளத்தில்தான் திரட்டிய பணம் அதிகம் வீணாகிறது. 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது விதி. வாசலில் 150 மி.மீ. படிகள் மூன்று இருந்தால் உயரம் 450 மி.மீ.; வேண்டிய நீளம் 5.4 மீட்டர். செட்டில் வருவது 2 மீட்டர். அதைப் போட்டால் சாய்வு 13 டிகிரி; விதிப்படி இருக்க வேண்டியது 5 டிகிரிக்கும் கீழே. கால் இழந்தவருக்கு இது கூடுதல் ஆபத்து, ஏனென்றால் முன்னால் நீட்டியிருந்த காலின் எடை போனதும் சக்கர நாற்காலியின் எடை மையம் பின்னால் நகர்கிறது. ஏறும்போது மல்லாக்கக் கவிழும். பின்சக்கர அச்சைப் பின்னுக்குத் தள்ளி அமைக்கக்கூடிய நாற்காலியா என்று கேளுங்கள். பின்னால் பொருத்தும் கவிழ்தடுப்புச் சக்கரமும் உதவும். ஆனால் சாய்தளம் செங்குத்தாக இருந்தால் ஏறத் தொடங்கும் இடத்திலேயே அந்தச் சின்னச் சக்கரம் தரையில் முட்டி, பெரிய சக்கரத்தைத் தூக்கிவிடும். எடை வரம்பு பார்க்கும்போது ஆள், நாற்காலி, தள்ளுகிறவர் மூவரையும் கூட்டுங்கள்: 80, 18, 70 என்றால் 168 கிலோ.

50 மி.மீ. நிலைப்படிக்கு 600 மி.மீ. ரப்பர் சாய்தளம் என்றால் தாராளமாக வாங்கலாம். வாசலுக்கான நீண்ட சாய்தளத்தை மட்டும் உடனே சிமென்ட் போட்டுக் கட்டாதீர்கள். செயற்கைக் கால் பழகிய பிறகு பலருக்குச் சரிவைவிடப் படிதான் எளிது. சாதாரண செயற்கைப் பாதத்தின் கணுக்கால் சரிவுக்கேற்ப மடங்காது, இறங்கும்போது முழங்காலை முன்னால் தள்ளும். முட்டிக்கு மேல் எடுத்தவர்களுக்கு இது இன்னும் கடினம். முதல் சில மாதங்களுக்குச் சாய்தளம் வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். பிறகு இரு பக்கமும் 865 முதல் 965 மி.மீ. உயரத்தில் கைப்பிடி வைத்த அகலமான படிகள் போதும் என்று ஆகலாம்.

மேட் வேண்டாம், ஊன்றுகோல் முனை அதன் ஓரத்தைத் தூக்கும், மடித்துவிடும். செட்டில் இல்லாத, ஆள் நகர்ந்தால் தானே எரியும் சென்சார் இரவு விளக்குக்கு முழு மதிப்பெண். தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாகவே உணர்ந்து கீழே இறங்கி விழுவது தெரிந்த ஆபத்து. சென்சார், எதிரே நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை எளிதில் பிடிக்கும், எனவே வழியின் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள். கட்டிலை நோக்கி வைத்தால் புரண்டு படுக்கும்போதெல்லாம் எரியும்.

செட்டில் இல்லாத, ஆனால் வாங்க வேண்டிய இன்னொன்று: கதவைத் திறப்பு வழியிலிருந்து முழுதாக விலக்கும் வளைந்த கீல். நிலையை உடைக்காமல் கதவின் கனத்தளவு, சுமார் 35 மி.மீ., அகலம் கிடைக்கும். கதவு 90 டிகிரியில் இருக்கும்போது அளந்து, சக்கர நாற்காலி போகத் தேவையான 815 மி.மீ.க்குக் கொஞ்சம்தான் குறைகிறது என்றால் கொத்தனார் செலவு மிச்சம்.

பணம் கேட்கும்போது 'வீட்டைச் சரிசெய்ய' என்று ஒரே தொகையாகப் போடாதீர்கள். 'கமோடு பக்கத்துக் கம்பி 2, ஆங்கர், பொருத்துக் கூலி' என்று வரிவரியாகப் போட்டால், கொடுப்பவர் ஒரு வரியை முழுதாக ஏற்றுக்கொள்வார். பொருளுக்கு மட்டும் கணக்குப் போட்டு, துளையிடுவதற்கும் குழாய் மாற்றுவதற்கும் கூலியை மறப்பது மிகச் சாதாரணமான தவறு. கம்பி பெட்டியிலேயே கிடக்கும். இணையத் திரட்டு தளம் கட்டணம் பிடித்தால், அதைக் கூட்டாமல் வகுத்துக் கணக்கிடுங்கள்: கையில் 100 வேண்டும், பிடித்தம் 5 சதவீதம் என்றால் இலக்கு 105 அல்ல, 100-ஐ 0.95-ஆல் வகுத்து வரும் 105.26. பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வீடு திரும்புமுன் வேண்டியவை: கம்பி, ஷவர் நாற்காலி, விளக்கு, கீல், வாடகைச் சாய்தளம். செயற்கைக் கால் பொருத்தி, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து நடையைப் பார்த்த பிறகு வேண்டியவை: படி, கைப்பிடி, சமையல் மேடை. இரண்டாவது பட்டியலுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள், முதல் வாரத்து உற்சாகத்தில் அதில் கை வைக்கத் தோன்றும்.