சுவிட்ச் போர்ட்டில் அங்கீகாரம்: 802.1எக்ஸா, மேக் முகவரியா?

கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்சில், கேபிளைச் செருகியவர் யாரென்று தெரியாமல் போர்ட்டைத் திறந்துவிடக் கூடாது என்று முடிவெடுத்த நிர்வாகிக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன: மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 2001-இல் வெளியிட்ட 802.1எக்ஸ் தரநிலை ஒன்று. கருவியின் நெட்வொர்க் அட்டைக்குரிய அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து அனுமதிப்பது மற்றொன்று. இரண்டிலும் சுவிட்ச் பொதுவாக, யாரை அனுமதிக்கலாம் என்று சொல்லும் ரேடியஸ் சர்வரைக் கேட்டே முடிவு செய்கிறது. எதைக் காட்டிக் கேட்கிறது என்பதில்தான் வேறுபாடு.

802.1எக்ஸ் முறையில், கணினியில் இயங்கும் சப்ளிகன்ட் என்ற, அனுமதி கோரும் மென்பொருள் தன்னை மெய்ப்பிக்கும் வரை, அங்கீகாரத்துக்குரிய பிரேம்களை (தரவுத் துண்டுகளை) தவிர வேறு எதையும் போர்ட் ஏற்பதில்லை. மேக் முறையிலோ, கருவி அனுப்பும் முதல் பிரேமில் உள்ள முகவரியே பெரும்பாலும் பயனர் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் சர்வருக்குப் போகிறது. அந்த முகவரி பல பிரின்டர்களின் பின்புறச் சீட்டில் அச்சிடப்பட்டே இருக்கும். அதைப் பார்த்துத் தன் மடிக்கணினியில் இட்டுக்கொள்ள ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும் என்பதால், இதை அங்கீகாரம் என்று அழைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

802.1எக்ஸிலும் கடவுச்சொல்லைவிட டிஜிட்டல் சான்றிதழையே நான் பரிந்துரைப்பேன். சான்றிதழ்களை வழங்குவதும் காலாவதிக்கு முன் புதுப்பிப்பதும் ஓயாத வேலைதான். ஆனால் திருடிச் செல்லக் கடவுச்சொல் என்று ஒன்று அங்கே இல்லை.

சப்ளிகன்ட் இல்லாத பிரின்டர், கேமரா போன்றவற்றுக்கு மேக் முறையைத் தவிர்க்க முடியாது. இரண்டு முறைகளையும் ஒரே போர்ட்டில் வைக்கும்போது நேரக் கணக்கு முக்கியம். சிஸ்கோ சுவிட்ச்களின் இயல்பு அமைப்பில், 30 நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்டும் பதில் வராத பிறகே, அதாவது 90 நொடிகள் கழித்தே, மேக் முறை தொடங்குகிறது. அதற்குள், ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரின் பதிலுக்குக் காத்திருந்து ஓய்ந்த கருவி, 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரியைத் தானே சூட்டிக்கொண்டு முடங்கிவிடக்கூடும். இடைவெளியை 10 நொடியாகக் குறைத்தால் காத்திருப்பு 30 நொடியில் முடியும். மேக் முகவரியால் நுழைந்த கருவியைத் தனி விலானில் (சுவிட்சுக்குள்ளேயே பிரித்தமைத்த தனி நெட்வொர்க்கில்) இட்டு, அதற்குத் தேவையான சர்வர்களை மட்டும் எட்டும்படி கட்டுப்படுத்துவது கட்டாயம்.

எந்த வழியானாலும், எடுத்த எடுப்பில் போர்ட்களை மூடாமல், அங்கீகாரம் தோற்றாலும் போக்குவரத்தைத் தடுக்காத ஓப்பன் முறையில் சில வாரங்கள் ஓடவிட்டு, சர்வர் பதிவில் தோல்வியாக வரும் ஒவ்வொரு கருவியையும் தேடிப்பிடித்துச் சரிசெய்த பின்பே மூட வேண்டும்.