வகுப்பில் எந்த ஆங்கிலம்: ஒலிப்பதிவில் வருவதா, ஆசிரியர் வாயில் வருவதா?

ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோது பிரிட்டிஷ் உச்சரிப்பைத்தான் முன்மாதிரியாக வைத்தேன். மூன்று வருடம் கழித்து, பேச்சுக்கு மட்டும் உள்ளூர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டேன். அதனால் இங்கே தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகளின் பலம் தெரிந்ததே. அகராதி, இலக்கணப் புத்தகம், தேர்வு எல்லாம் அவற்றை ஒட்டியே இருக்கின்றன. எது சரி என்று தகராறு வந்தால் புரட்டிப் பார்த்துத் தீர்த்துவிடலாம்.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்: அந்த உச்சரிப்பை வகுப்பு முடியும்வரை இழுத்துப் பிடிக்க முடியுமா என்பது. ஒலிப்பதிவு இரண்டு நிமிடம் ஓடும். மீதி நேரம் பேசப்போவது ஆசிரியர். தயார் செய்துவந்த வாக்கியங்கள் எனக்கு வெள்ளைக்கார ராகத்தில் வந்தன. ஒரு பையன் எதிர்பாராத கேள்வி கேட்டால் போதும், சொந்த ராகம் திரும்பிவிடும். இதற்குப் பயந்தே வகுப்பில் பேச்சைக் குறைத்தேன். என்னைப் பார்த்து அவர்களும் வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் பிரிட்டனிலேயே, வட்டார வாடையில்லாத அந்தத் தர உச்சரிப்பில் பேசுபவர்கள் சுமார் 3 சதவீதம்தான் என்பது மொழியியலாளர் பீட்டர் ட்ரட்ஜிலின் பழைய மதிப்பீடு.

உள்ளூர் ஆங்கிலம் என்றால் எப்படிப் பேசினாலும் சரி என்று அர்த்தமில்லை. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எங்கே புரியாமல் போகிறது என்று மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000-இல் எழுதினார். 'திங்க்' என்று சொல்லும்போது நாக்கு பல்லிடுக்குக்குப் போகாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. 'ஷிப்', 'ஷீப்' இடம் மாறினாலோ, அழுத்தம் வேறு சொல்லில் விழுந்தாலோதான் குழப்பம். நான் இப்போது திருத்துவது பெரும்பாலும் இவ்விரண்டைத்தான். குறில் நெடில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது. அழுத்தம் மாதக்கணக்கில் இழுக்கிறது.

சொற்களில் உள்ளூர் வழக்கு நிலைப்பதும் உண்டு, சறுக்குவதும் உண்டு. நைஜீரிய ஆங்கிலத்தில் 'நெக்ஸ்ட் டுமாரோ' என்றால் நாளை மறுநாள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2020-இல் அதைச் சேர்த்துக்கொண்டது. சரி, 'டிஸ்கஸ்' என்றாலே போதுமான இடத்தில் வரும் 'டிஸ்கஸ் அபௌட்'? நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள், ஆனாலும் தேர்வில் மதிப்பெண் போகும். பிழை எங்கே முடிகிறது, வழக்கு எங்கே தொடங்குகிறது என்று மொழியியலாளர்கள் ராண்டால்ஃப் குவர்க்கும் பிரஜ் கச்ருவும் 1990 வாக்கில் மோதிக்கொண்டதே இதில்தான். நான் பேச்சில் விட்டுவிடுவேன். எழுத்தில் சுழித்து, ஏன் என்றும் சொல்லிவிடுவேன்.

என் மாணவர்கள் எல்லோரும் பதினைந்து வயதைத் தாண்டியவர்கள். சின்னக் குழந்தைகளுக்கும் இதே வழிதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒலிப்பதிவுகளை நான் தூக்கிப் போடவில்லை. சிங்கப்பூர், நைஜீரியக் குரல்களையும் சேர்த்துக்கொண்டேன், காது பழக வேண்டுமே. பேசிக் காட்டுவது மட்டும் என் சொந்த ராகத்தில்.