ஒரே சைக்கிள் போதும் என்றார் கடைக்காரர்

சென்ற ஆண்டு அக்டோபரில், நெதர்லாந்தின் டென் போஸ் நகரின் ஓரத்தில் உள்ள ஒரு கடையில், யாரோ மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்ற சைக்ளோ-கிராஸ் சைக்கிளை, அதாவது சேறு, மணல், புல் வழியாக ஓட்டும் பந்தயத்துக்கான சைக்கிளை, 780 யூரோ கொடுத்து வாங்கினேன். கடையின் பெயரையோ சைக்கிள் கம்பெனியின் பெயரையோ எழுதப்போவதில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். அவர் சொன்ன ஒரு பேச்சோடுதான் எனக்கு வழக்கு.

"ரோட்டுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று என்று உங்களுக்கு இரண்டு வேண்டாம், மேடம். இது ஒன்றே போதும். மரியானே வோஸைப் பாருங்கள். ரோடு, சேறு, எல்லாவற்றிலும் ஜெயித்தவர். நம் ஊரில் பிறந்தவர்."

நம் ஊரில் பிறந்தவர் என்பது சரி. 1987 மே மாதம் இதே ஊரில்தான் பிறந்தார். எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்பதும் சரி. 2006 ஜனவரியில் ஸெடம் என்ற இடத்தில் சைக்ளோ-கிராஸ் உலகப் பட்டம் வாங்கியபோது அவருக்கு 18 வயது. அதே ஆண்டு செப்டம்பரில் சால்ஸ்பர்க்கில் ரோடு பந்தயத்திலும் உலகப் பட்டம். "ஒன்றே போதும்" என்பதுதான் இடிக்கிறது. ஏனென்றால் 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கியது உள்ளரங்கத் தடத்தில், புள்ளிப் பந்தயத்தில். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது; பெடலை நிறுத்தவும் முடியாது. கடைக்காரர் காட்டிய சைக்கிளில் இரண்டு டிஸ்க் பிரேக்குகள் இருந்தன. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அந்தச் சைக்கிளின் அடர்பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினான்கு மாதங்கள் ஓட்டியாகிவிட்டது. இப்போது எழுதலாம்.

அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க். முன்னால் 46, 36 பற்கள் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள். பின்னால் பெரியது 28. பிரேக் டிஸ்க்தான், ஆனால் எண்ணெயில் இயங்குவது அல்ல, கம்பி இழுப்பது. டயர் அகலம் 33 மில்லிமீட்டர். சர்வதேசப் பந்தயங்களில் அதற்கு மேல் அனுமதி இல்லை என்பதால் இந்த ரகத்தில் பெரும்பாலும் இதே அளவுதான் வரும். கடைத் தராசில் ஒன்பதரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஏன் எடை பார்த்தேன் என்பது அடுத்த புதன்கிழமை புரிந்தது.

புதன்கிழமை மாலைகளில் எங்கள் பக்கத்து சைக்கிள் சங்கத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி உண்டு. மரத்தடுப்புகள் இரண்டு, 40 சென்டிமீட்டர் உயரம், நடுவில் சில அடிகள். அதை நெருங்கும்போது ஓட்டத்தைக் குறைக்காமல் வலது காலைப் பின்னால் சுழற்றி இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபடி பாய்ந்து ஏற வேண்டும். மேடாக இருந்தால் தோளிலேயே சுமந்து ஓட வேண்டும். எனக்கு 41 வயது. பாய்ந்து ஏறுவது என்பது முதல் மாதம் முழுக்க இருக்கையில் தொடை மோதிக் கன்றிப்போவதாகவே இருந்தது.

தூக்குவதில்தான் இந்தச் சைக்கிளின் அருமை தெரிகிறது. மேல் குழாயின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கியிருக்கிறார்கள். தோளில் வைத்தால் குழாய் எலும்பில் ஏறாமல் பலகைபோல உட்காருகிறது. கியர் கம்பிகளும் பிரேக் கம்பிகளும் குழாயின் மேல்புறமாகப் போகின்றன. தோளிலும் உரசுவதில்லை, சேறும் படிவதில்லை. வலது கையை ஃபிரேமின் முக்கோணத்துக்குள் விட்டு, கீழ்க் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து ஹேண்டில்பாரின் வளைவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் பயிற்சியாளர் செய்து காட்டியபோது வெகு சுலபமாகத் தெரிந்தது. நான் செய்தபோது கை, தண்ணீர் பாட்டில் கூண்டில் மாட்டிக்கொண்டது. சைக்கிளும் நானும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சரிவில் உட்கார்ந்தோம். கூண்டைக் கழற்றச் சொன்னார்கள். பந்தயம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவது, தண்ணீர் எதற்கு என்றார்கள். அன்றிலிருந்து சேற்றுக்குப் போகும் நாட்களில் கூண்டு வீட்டில், ரோட்டுக்குப் போகும் நாட்களில் சைக்கிளில். ஒரே சைக்கிள் என்ற கதையில் முதல் விரிசல் அந்த இரண்டு திருகாணிகள்.

நாங்கள் பயிற்சி செய்யும் இடத்திலிருந்து சின்ட்-மிகீல்ஸ்கெஸ்டல் கூப்பிடு தூரம். பெண்களுக்கான முதல் சைக்ளோ-கிராஸ் உலகப் போட்டி 2000-ல் அங்கேதான் நடந்தது. ஆண்களுக்கு 1950 முதலே நடந்துவந்தது. பெண்களுக்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான் தோன்றியிருக்கிறது. அன்று ஜெயித்தவர் ஜெர்மனியின் ஹான்கா குப்ஃபர்நாகல். ஆறு ஆண்டுகள் கழித்து ஸெடமில் அதே குப்ஃபர்நாகலைக் கடைசி நேர ஓட்டத்தில் முந்தித்தான் வோஸ் தன் முதல் பட்டத்தை எடுத்தார். ஆறு வயதில் அண்ணனுடைய குழுவோடு பயிற்சிக்குப் போகத் தொடங்கிய பெண்ணுக்கு, தன் வீட்டிலிருந்து சிறிது தொலைவில் அப்படியொரு போட்டி நடந்தபோது வயது 12. அவர் அதைப் பார்க்கப் போனாரா என்பது வேறு. போட்டி என்று ஒன்று இருந்ததே, அதைச் சொல்கிறேன்.

மணலுக்கு வருகிறேன். துரூனனுக்குப் பக்கத்தில் பெரிய மணற்குன்றுகள் இருக்கின்றன, தேசியப் பூங்கா. சைக்கிளுக்கென்று விட்டிருக்கும் தடத்திலேயே இடையிடையே பொடிமணல் வரும். கடைக்காரர் டயரில் 4 பார் அழுத்தத்துக்குக் காற்று அடித்துக் கொடுத்திருந்தார். அதோடு போனேன். முன்சக்கரம் கத்திபோல மணலை அறுத்துக்கொண்டு இறங்கி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. அப்புறம் பயிற்சியாளர் சொல்லி 2 பாருக்கு இறக்கினேன். அதே மணல், அதே ஆள், வேறு சைக்கிள்! டயர் பரந்து மணலின் மேல் மிதக்கிறது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், எடையைப் பின்னால் வைத்து, பெடலை நிறுத்தாமல் மிதித்தால் இருபது முப்பது மீட்டர் போகலாம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. 2012 உலகப் போட்டி நடந்த பெல்ஜியத்துக் கடற்கரை ஊரான கொக்ஸைடேயின் மணற்குன்றுகளில் வோஸ் ஓட்டியதை வீடியோவில் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் மூன்று தடவை அவரைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அவருடைய முன்சக்கரத்தை மட்டும் பார்க்கிறேன். அது தானாக வழி தேடிக்கொண்டு போகிறது, அவர் சும்மா விட்டிருக்கிறார்.

ஆனால் 2 பாருக்கும் ஒரு விலை இருக்கிறது. என்னுடைய சக்கரங்களில் உள்ளே டியூப் இருப்பதால், வேர் ஒன்றில் ஏறியவுடன் ரிம்முக்கும் வேருக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்புக்கடிபோல இரண்டு ஓட்டை. முதல் குளிர்காலத்தில் ஐந்து டியூப்கள் போயின. பெரிய பந்தயங்களில் ரிம்மோடு ஒட்டிவிடும் டயர்களை வைத்துக்கொண்டு இதைவிடக் குறைவான காற்றில் ஓடுகிறார்கள். வாங்கும்போது டியூப் இல்லாத டயருக்கு ஏற்ற ரிம்மா என்று கேட்காதது என் தவறு. நீங்கள் கேளுங்கள்.

பெரிய குறை முன் கியர் மாற்றி. களிமண்ணும் புல்லும் சேர்ந்த நாளில் அது அரை மணி நேரத்தில் சாணி உருண்டையாகிவிடுகிறது. 46-லிருந்து 36-க்கு இறங்க மறுக்கும். மேட்டின் அடியில் நின்றுகொண்டு விரலால் சேற்றைத் தோண்டியிருக்கிறேன். இப்போது வருபவை பலவற்றில் முன்னால் ஒரே பற்சக்கரம்தான். காரணம் இப்போது நன்றாகத் தெரிகிறது. பிரேக் கட்டைகளும் நனைந்த மணலில் ஒரே பருவத்தில் தேய்ந்து இரும்பு தெரிந்தது. கம்பி இழுக்கும் பிரேக் என்பதால் கட்டை தேயத் தேயக் கையாலேயே திருகி நெருக்க வேண்டும். நான் நெருக்கவில்லை, ஒரு வேலிதான் நிறுத்தியது.

சரி, இவ்வளவு சேறு அப்பினால் பந்தயத்தில் என்ன செய்கிறார்கள்? இங்கேதான் கடைக்காரரின் பேச்சு முழுதாக உடைகிறது. வோஸ் போன்றவர்கள் ஒரே பந்தயத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட சைக்கிள்களைக் கொண்டுவருகிறார்கள். வழியில் இதற்கென்று ஒரு பகுதி உண்டு. சேறு அப்பியதை அங்கே எறிந்துவிட்டு, கழுவித் துடைத்து எண்ணெய் போட்ட இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். எறிந்ததை மெக்கானிக் நீர்ப்பீச்சியில் கழுவி அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாக வைத்திருப்பார். எனக்கு மெக்கானிக் நான்தான். கடையில் சொன்னபடி நானும் நீர்ப்பீச்சியில் கழுவினேன். ஜனவரியில் பெடல் அச்சு கிரீச்சிடத் தொடங்கியது. அழுத்தத்தோடு அடித்த தண்ணீர் பேரிங்குக்குள் போய்விட்டிருந்தது. மாற்ற 65 யூரோ. அதே கடை, அதே ஆள், "நேராக அச்சில் அடிக்கக் கூடாது மேடம்" என்றார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே ஐயா என்று மனதுக்குள் தமிழில் கேட்டேன். இப்போது வாளியும் பழைய பிரஷும்தான்.

ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஏப்ரலில் 28 மில்லிமீட்டர் வழவழப்பு டயர் போட்டேன். அதற்கு முன் புடைப்புகள் கொண்ட சேற்று டயரோடு ஹியூஸ்டன் (Heusden) என்ற ஊர் வரை கரைமேட்டுச் சாலையில் போனபோது தேனீக் கூட்டம் பின்தொடர்வதுபோல ஒரே ரீங்காரம். ஆற்றைத் தாண்டினால் பாபிலோனியன்புரூக். வோஸ் நெடுங்காலம் வசித்த கிராமம். இத்தனை பெரிய பெயருக்கு இத்தனை சின்ன ஊரா என்று சிரிப்பு வந்தது. டயர் மாற்றிய பிறகு சைக்கிள் நன்றாகவே ஓடுகிறது. 46 பற்கள் ரோட்டுக்குப் போதாது என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் போகிற வேகத்துக்குப் போதாமல் இருக்கலாம், எனக்கு மிச்சம்.

ஜூனில் ஃபால்கன்பர்க் போய் கௌபர்க் மேட்டில் ஏறினேன். முன்னால் 36, பின்னால் 28, மூச்சு வாங்கியது, இறங்காமல் ஏறிவிட்டேன். 2012-ல் வோஸ் உலகப் பட்டத்தைத் திருப்பி எடுத்த மேடு அது. "திருப்பி" என்ற சொல்லுக்குள் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன: 2007 முதல் 2011 வரை ரோடு உலகப் போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாம் இடம். ஐந்து வெள்ளி. அதே காலத்தில் சேற்றில் 2009 முதல் தொடர்ந்து தங்கம், 2014 வரை ஆறு. 2012 மே மாதம் கழுத்தெலும்பு முறிந்தது, ஜூலையில் லண்டன் மழையில் ஒலிம்பிக் தங்கம், செப்டம்பரில் கௌபர்க். நான் ஏறி முடித்து ஒரு சுவரில் சாய்ந்து நின்றபோது நினைவில் வந்தது தங்கங்கள் அல்ல, அந்த ஐந்து வெள்ளிகள்தான். குளிர்காலம் முழுக்கச் சேற்றில் ஜெயித்துவிட்டு, ஒவ்வோர் இலையுதிர்காலமும் ரோட்டில் இரண்டாவதாக வந்து, திரும்பச் சேற்றுக்கே போனவர்.

டயர் மாற்றுவது எனக்குச் சலித்துவிட்டது. சேறு காய்ந்த ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்க நகம் வேண்டும். அதனால் செப்டம்பரில் இன்னொரு ஜோடிச் சக்கரம், 250 யூரோ. ஆக, 780 யூரோ சைக்கிள், சக்கரம், பேரிங், டியூப், கட்டை எல்லாம் சேர்த்து 1,150-ஐத் தாண்டிவிட்டது. குளிர்காலச் சேற்றுக்காகவே வாங்குகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்: ஃபிரேமும் ஃபோர்க்கும் அருமை, தோளுக்கு இதம், டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சேறு அடைக்காத அளவு இடைவெளி. முன்னால் ஒற்றைப் பற்சக்கரம் உள்ளதாகத் தேடுங்கள். கோடையில் வாரம் இருமுறை நீண்ட தூரம் ரோட்டில் போகிறவராக இருந்தால் இது வேண்டாம்.

போன வாரம் பிரேக் கட்டை வாங்கக் கடைக்குப் போனேன். பெய்ஜிங் தடத்துச் சைக்கிளைப் பற்றிக் கடைசியில் கேட்டேவிட்டேன். கூடவே, 2024-ல் வோஸ் லூவெனில் சரளைப் பாதை உலகப் பட்டமும் வாங்கினாரே, அதற்கும் வேறு சைக்கிள்தானே என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. மூலையில் சாய்த்திருந்த வெள்ளை ரோடு சைக்கிளின் மேலிருந்த துணியை எடுத்தார்.

"நீங்கள் சொல்வது சரி, மேடம். வோஸ் ஒருபோதும் ஒன்றோடு நின்றதில்லை."

நான் சேற்றுக் காலணியோடு நின்றிருந்தேன். இருக்கை உயரம் பார்க்க அவர் அளவு டேப்பை எடுத்துவிட்டார்.