எரு நாற்றத்துக்காக நட்சத்திரத்தைக் குறைக்கலாமா? ஒரு பண்ணைக் கடை பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே, கனெக்டிகட் ஆற்றின் இரு கரையிலும் வண்டல் படிந்து கிடக்கும் நிலத்தைப் பயனியர் பள்ளத்தாக்கு என்கிறார்கள். அங்குள்ள சிற்றூர் ஒன்றில் நாங்கள் குடியேறி மூன்றாண்டுகள் ஆகின்றன. ஊர் எல்லையில் பெயர்ப்பலகைக்குக் கீழே, இது உழவுரிமை பேணும் ஊர் என்று பொருள்படும் இன்னொரு பலகை இருக்கிறது. அதைக் கடந்து அரை மைல் சென்றால் சாலையோரம் ஒரு மரக்கொட்டகை வரும். வாசலில் உள்ள கரும்பலகையில் அன்றைக்கு இருக்கும் பொருள்களின் பட்டியல் மட்டும் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். இந்த மதிப்புரை அந்தக் கொட்டகையைப் பற்றியது.

வார நாள்களில் கடையில் ஆள் இருப்பதில்லை. ஒரு தராசு, ஒரு குளிர்பெட்டி, சுவரோடு சேர்த்துத் திருகப்பட்ட ஓர் இரும்பு உண்டியல், அவ்வளவுதான். எடுத்ததற்குக் கணக்குப் பார்த்து நாமே பணத்தைப் போட்டுவிட்டு வர வேண்டும். அட்டை செல்லாது, மீதிச் சில்லறை தரவும் ஆள் கிடையாது. முதல் முறை இருபது டாலர் தாளோடு போய் நின்ற நான், அந்தத் தொகையைச் சரிக்கட்டுவதற்காகவே தேவைக்கு மேல் மூன்று டஜன் முட்டை வாங்கி வந்தேன்.

ஜூலை நடுவிலிருந்து வரும் இனிப்பு மக்காச்சோளம்தான் கடையின் பெருமை. விடியற்காலையில் ஒடித்த கதிர்களை எட்டு மணிக்குள் கொட்டகைக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். தோகையை விரித்தால் பனி ஈரம் விரலில் ஒட்டும், பட்டுநூல் போன்ற குஞ்சம் இன்னும் காய்ந்திருக்காது, நுனியில் சில சமயம் ஒரு புழுவும் நெளியும். ஒடித்த கணத்திலிருந்தே கதிரிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குவதால், மூன்று நாள் லாரியில் வந்த கதிருக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை. வேக வைக்காமல் காரிலேயே ஒன்றைத் தின்று முடித்துவிட்டுத்தான் நான் வீடு திரும்புவது வழக்கம்.

அடுத்தது பால். காய்ச்சிப் பதப்படுத்தாத பாலை இந்த மாநிலத்தில், கறந்த பண்ணையிலேயே, உரிமம் பெற்றுத்தான் விற்கலாம் என்பதால், அது வேண்டுமானால் நேரில் வருவதைத் தவிர வேறு வழியில்லை. பதப்படுத்தாத பால் என்ற எச்சரிக்கையைக் குளிர்பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். பச்சைப் பாலைக் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லாததால் நான் பொங்கக் காய்ச்சித்தான் பயன்படுத்துகிறேன். அதில் உறை ஊற்றினால் மறுநாள் காலையில் கத்தி போட்டு வெட்டுகிற தயிர் கிடைக்கிறது.

இணையத்தில் இந்தக் கடைக்கு வந்துள்ள குறைந்த மதிப்பெண்களைப் படித்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது. அவற்றில் பாதிக்கு மேல் பொருளைப் பற்றியவையே அல்ல. ஏப்ரல் கடைசியில் வந்தோம், மூச்சுவிட முடியவில்லை என்கிறார் ஒருவர். காலை ஐந்து மணிக்கு டிராக்டர் ஓடுகிறது என்கிறார் இன்னொருவர். ஏப்ரல் கடைசியில் நாற்றம் அடிப்பது உண்மை. குளிர்காலம் முழுக்கத் தேக்கிவைத்த சாணக்குழம்பைச் சென்ற ஆண்டுச் சோளத்தட்டை நிற்கும் வயலில் பாய்ச்சி உழுகிறார்கள். அந்தப் பத்து நாள்களும் துணியை வெளியே காயப்போட முடியாது. ஆனால் ஜூலைக் கதிரை மெச்சிவிட்டு ஏப்ரல் எருவைக் குறை சொல்வது, அறுவடைக்கு முந்தைய கோடையில் வயலில் ஆட்டுக்கிடை போட்டதற்காக நெல்லை வேண்டாம் என்பது போன்றது.

மேலும், இந்த நாற்றத்தைப் பற்றி வாங்குபவருக்கு யாரும் சொல்லாமல் விடவில்லை. வீட்டுக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு நாங்கள் கையெழுத்திட்ட தாள்களுள் ஒன்று, ஊர் விதிப்படி விற்பவர் 21 நாள்களுக்குள் எங்களுக்குத் தர வேண்டிய அறிவிப்பு. வேளாண்மை நடக்கும் ஊரில் இந்தச் சொத்து அமைந்துள்ளது என்றும், அந்த வேலைகளால் இரைச்சலும் தூசியும் நாற்றமும் உண்டாகலாம் என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. கடன் பத்திரங்களை வரிவரியாகப் படித்த நான் இந்தத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த மாநிலத்தில், எல்லைப் பலகை குறிக்கும் இப்படிப்பட்ட உழவுரிமை விதியை ஏற்ற ஊர்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுத்து நிறைவேற்றப்படும் இவ்விதி புதிய உரிமை எதையும் தந்துவிடுவதில்லை. உரிமையின் வேர் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. இயல்பான முறையில் கால்நடை வளர்ப்பதாலும் நிலத்துக்கு எருவிடுவதாலும் எழும் நாற்றத்தையும், ஏற்கத்தக்க முறையில் இயங்கும் பண்ணைக் கருவிகளின் ஓசையையும் தொல்லையாகக் கருதலாகாது என்று அச்சட்டம் ஊர்ச் சுகாதாரக் குழுக்களைக் கட்டுப்படுத்துகிறது. ஓராண்டுக்கு மேல் முறையாக நடந்துவரும் பண்ணையின் மீது தனியார் தொல்லை வழக்குத் தொடுப்பதையும் மாநிலச் சட்டமே தடுக்கிறது. ஊர் விதி செய்வதெல்லாம், பக்கத்து வீட்டுக்காரர் வக்கீலைத் தேடிப் போவதற்கு முன்பே இவற்றை அவர் காதில் போட்டுவைப்பதுதான். அது சிறிய வேலை என்று நான் நினைக்கவில்லை.

இயல்பான, ஏற்கத்தக்க என்ற அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் நானே இவ்விதிக்கு எதிராகப் பேசியிருப்பேன். வட கரோலினாவில் ஆயிரக்கணக்கான பன்றிகளை அடைத்து வளர்க்கும் கொட்டில்களின் கழிவுக்குட்டைகளால் அவதிப்பட்டவர்களுக்கு 2018ஆம் ஆண்டு நடுவர் குழுக்கள் பெருந்தொகை இழப்பீடு அளித்தன. அம்மாநிலச் சட்டமன்றமோ அதே ஆண்டில் உழவுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய வழக்குகளையே கடினமாக்கிவிட்டது. நாற்பது மாடு கட்டிய குடும்பத்துக்கான கவசத்தைப் பெருநிறுவனமும் மாட்டிக்கொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி. எங்கள் ஊரில் முறையீடு உள்ளவர், அதன் தன்மையைப் பொறுத்து ஊர் நிர்வாகக் குழுவிடமோ சுகாதாரக் குழுவிடமோ செல்லலாம். அவர்கள் அதை வேளாண் குழுவின் கருத்துக்கு அனுப்பலாம். சென்ற கோடையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இரவில் ஓடும் பாசன மோட்டாரைப் பற்றி இப்படித்தான் எழுதிக் கொடுத்தார். மோட்டாரை ஐம்பது அடி தள்ளி வரப்புக்கு அப்பால் வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. இப்போது அவரும் சனிக்கிழமை காலையில் கதிர் வாங்க எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

கடையின் மீது எனக்கு உள்ள குறைக்கும் சட்டத்தோடு தொடர்பு உண்டு. ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட வேளாண் நிலத்தில் பண்ணைக் கடை வைப்பதை ஊரின் நிலப்பயன்பாட்டு விதிகள் தடை செய்ய முடியாது. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அல்லது முதன்மைப் பயிரின் அறுவடைக் காலத்தில், விற்கும் பொருளில் கால் பங்கு சொந்த விளைச்சலாக இருக்க வேண்டும். இல்லையேல், ஆண்டு முழுவதற்குமான கணக்கில் கால் பங்காவது சொந்த விளைச்சலாகவும், மேலும் பாதி இதே மாநிலத்தில் விளைந்ததாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடை அந்த அளவைத் தாராளமாகத் தாண்டும் என்றே நம்புகிறேன். அப்படியிருக்க, மே மாதத்தில் தட்டு நிறையச் சிவந்த தக்காளி இருந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று ஒரு சீட்டும் இல்லை. இங்கே திறந்தவெளித் தக்காளி ஜூலைக்கு முன்னால் பழுக்காது. சனிக்கிழமை இருந்த அம்மையாரிடம் கேட்டேன். தெரிந்தவரின் கண்ணாடிக்குடிலிலிருந்து வந்தது என்று தயக்கமின்றிச் சொன்னார். அடுத்த வாரம் கரும்பலகையில் அதையும் எழுதிவிட்டார். ஆனால் பழக்கூழ்ப் புட்டிகள் இன்றைக்கும் ஊர்ப்பெயர் இல்லாமலேயே நிற்கின்றன. நான் ஐந்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறைப்பது இதற்காகத்தான்.

கடைக்குப் பின்னாலுள்ள வயலின் ஓரத்தில், மாநில வேளாண் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்ததைச் சொல்லும் சின்னப் பலகை ஒன்று நடப்பட்டிருக்கிறது. வீட்டுமனையாக விற்றால் கிடைக்கும் விலைக்கும் வேளாண் நில விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கொடுத்து, இனி அங்கே வீடு எழும்பாதபடி பத்திரத்திலேயே கட்டுப்பாடு எழுதிக்கொள்கிற திட்டம் அது. நாற்றப் புகார்களை விட மனை விலைதான் இப்பள்ளத்தாக்கின் உழவருக்குப் பெரிய பகை என்பதால், எல்லையிலுள்ள பலகையை விட எனக்கு இந்தப் பலகையின் மீதுதான் நம்பிக்கை அதிகம்.

போக விரும்புவோர் காலை பத்து மணிக்குள் போவது நல்லது, நண்பகலுக்குள் கதிர் தீர்ந்துவிடும். ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களாக எடுத்துச் செல்லுங்கள். மழை பெய்திருந்தால் வண்டியைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், சேற்றில் சக்கரம் புதையும். ஏப்ரல் கடைசியில் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். பால் அப்போதும் அதே பால்தான், அதே விலைதான்.