வார்னிஷ் மரத்துக்கு வெள்ளை: உரிப்பதா, தேய்ப்பதா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கதவும் நிலையும் ஜன்னலும் தேக்கு. மேலே பல கோட் வார்னிஷ் ஏறிக் கறுத்திருக்கும். மூடுபனியில் பகலிலேயே விளக்குப் போடும் அறைகளுக்கு வெள்ளை பெயின்ட் நல்ல யோசனைதான். ஈட்டி மரமாக இருந்தால் மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பழைய வார்னிஷை எடுக்க ரிமூவர் ஒரு வழி. பூசிப் பொங்கியதும் வழித்தால் வெறும் மரம் வந்துவிடும். ஆனால் வெள்ளை அடிக்க வெறும் மரம் தேவையே இல்லை. கெட்டியாக ஒட்டியிருக்கும் வார்னிஷ் மரத்தின் கறையை ஓரளவு அடக்கி வைத்திருக்கிறது. அதை உரித்தால் தேக்கின் எண்ணெயோடு மல்லுக்கட்ட வேண்டும். போதாததற்குச் சில ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. குளிருக்குச் சாத்திய அறையில் தேங்கினால் ஆளையே கொல்லும். வார்னிஷ் செதில் செதிலாகக் கழன்றுவரும் இடத்தில் மட்டும், அந்தப் பொருள் கலக்காத ரிமூவரை, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம்.

ஹீட் கன் வேண்டாம். ஜன்னல் கண்ணாடி விரிசல் விடும்.

என் ஓட்டு தேய்ப்பதற்குத்தான். ஆனால் உப்புத்தாளை எடுக்கும் முன் கழுவ வேண்டும். கணப்படுப்புப் புகையும் கைப்பிசுக்கும் படிந்த மரத்தை அப்படியே தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் இறங்கும். மெழுகுப் பாலிஷ் போட்ட இடத்தை டர்பன்டைனால் துடையுங்கள். மற்றதை வாஷிங் சோடா கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு 120, அப்புறம் 180 நம்பர். பளபளப்பு போய் மங்கினால் போதும், மரம் தெரியத் தேவையில்லை. வார்னிஷுக்கு அடியில் பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் நச்சான ஈயம் இருக்கலாம்: வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அங்கே வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, தூசு பறக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அடுத்தது பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. காசை இங்கேதான் போட வேண்டும். தண்ணீர் பிரைமர் சீக்கிரம் காயும், வாடையும் குறைவு. ஆனால் அந்தத் தண்ணீரே மரத்தின் கறையைக் கரைத்து மேலே இழுக்கும். வெள்ளையில் பழுப்புத் திட்டுகள் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். கறையை அடக்குவதில் அரக்கு பிரைமர் முதலிடம், ஆயில் பிரைமர் அடுத்தது. அரக்கு கிடைக்காவிட்டால் ஆயிலே போதும். மலைக்குளிரில் டப்பாவில் போட்ட நேரத்தைவிடக் கூடுதலாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் நகத்தால் கீறிப் பாருங்கள். உரிந்து வந்தால் அந்த இடத்தை மறுபடி தேய்க்கத்தான் வேண்டும்.

மேல்கோட்டுக்கு இதற்கு நேர்மாறு. ஆயில் எனாமல் வெயில் படாத இடத்தில் மஞ்சளாகும், நம் வீடுகளில் அப்படி இடம் நிறைய. அதனால் நன்றாகக் காய்ந்த ஆயில் பிரைமரை லேசாக உப்புத்தாள் போட்டுவிட்டு, தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் எனாமல் இரண்டு கோட் அடிக்கலாம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தோதான காலம். பனி விலகி வெயில் ஏறியபின் ஆரம்பித்து, பிற்பகலில் முடித்துவிடுங்கள். பெயின்ட் அடித்த கதவைச் சில நாள் அழுத்திச் சாத்தாமல் விடுங்கள். இந்த ஈரக்காற்றில் நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது தோலாக உரியும்.