அப்டக்‌ஷன் தலையணை: ஆறு வாரம் கால்களுக்கு நடுவே வைத்துப் படுத்தவனின் மதிப்பீடு

வலது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் வீடு திரும்பியபோது, மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ‘அப்டக்‌ஷன் தலையணை, மீடியம்’ என்றொரு வரி இருந்தது; கால்கள் ஒன்றுசேராமல் விலக்கி வைக்கும் தலையணை அது. மதுரையில் ஒரு சர்ஜிக்கல் கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கினோம். கெட்டியான ஃபோமுக்கு நீல ரெக்சின் போர்த்திய, நுனி வெட்டிய முக்கோணம் அது. குறுகிய முனை தொடைகளுக்கு நடுவிலும் அகன்ற முனை கணுக்கால்களுக்கு நடுவிலும் வரும்; பக்கத்துக்கு இரண்டாக வெல்க்ரோ பட்டைகள் கால்களைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து செயற்கை மூட்டைப் பொருத்தினார்கள். அந்த முறையில் செய்துகொண்டவர்கள், வெட்டித் தைத்த தசை ஆறும்வரை, காலைக் குறுக்கே போடுவதும், உள்பக்கமாகத் திருப்புவதும், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவதும் கூடாது. மீறினால் மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். விழித்திருக்கும்போது இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வருடமாகப் பாயில் ஒருக்களித்துப் படுத்துப் பழகிய உடம்போ, தூக்கத்தில் எந்த டாக்டரின் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே இந்தத் தலையணை தன் வேலையைக் குறைவறச் செய்தது: ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட நான் கால் மேல் கால் போட்டபடி கண் விழித்ததில்லை. ஆனால் கடைக்காரர் உறுதியளித்த ‘நிம்மதியான தூக்கம்’ இதனால் வரவில்லை.

முதல் குறை ரெக்சின். மே மாத மதுரையில், மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தபோதே, தொடையின் உள்பக்கம் வேர்த்து ஒட்டிக்கொண்டு நாலாம் நாளே சிவந்துவிட்டது. என் மனைவி பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, பட்டைகள் வெளியே வர ஓட்டை விட்டு, இரண்டு உறைகள் தைத்துக் கொடுத்த பிறகுதான் அதைத் தொடவே மனம் வந்தது. இந்த விலைக்குத் துணி உறை ஒன்றைத் தயாரிப்பாளரே சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது குறை சற்றுப் பெரியது. பட்டையை எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. நழுவிவிடுமோ என்ற பயத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறுக்கிக் கட்டிப் படுத்தேன். நள்ளிரவில் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போய் விழித்தேன். மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட், முழங்காலின் வெளிப்பக்கத்தில் தோலுக்கு வெகு அருகில் ஒரு நரம்பு ஓடுவதையும், அது அழுந்தினால் பாதத்தைத் தூக்க முடியாமலே போகலாம் என்பதையும் விளக்கி, பட்டையை மேலே நகர்த்தி, உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திவிட்டார். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்க, கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். “வேற தலையணைய முட்டிக்கு அடியில மட்டும் வச்சிராதீங்க ஐயா, சுகமாத்தான் இருக்கும், அப்புறம் கால் நீட்ட வராது” என்றும் எச்சரித்தார்.

இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதெல்லாம் வெல்க்ரோ பிரியும் ‘பர்ர்’ சத்தத்தில் வீடே விழித்துக்கொள்ளும் என்பதைக் குறையாகச் சொல்வதா என்று தெரியவில்லை; வாக்கரை எடுத்துக் கொடுக்க ஆள் எழுந்து வந்ததும் அதனால்தான்.

தூக்கம் வந்தது வேறு வழிகளில். ஏழு மணிச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையின் வேகம் ஒரு மணிக்கெல்லாம் அடங்கிவிடும். டாக்டரைக் கேட்டு அதைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றியதும் நாலு மணிவரை தாங்கியது. படுக்கும் முன் துணியில் சுற்றிய ஐஸ் பேக்கை இருபது நிமிடம் வைத்தேன். கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து நிற்கவே, எழும்போது சுரீரென்று இழுப்பது நின்றது.

முன்பக்கமாகத் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள் பலருக்கு இந்தத் தலையணை தேவைப்படுவதில்லை; பின்பக்க முறையிலும் இப்போது எல்லா டாக்டர்களும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்குபவர்கள் உயரத்தைச் சொல்லி அளவு பார்த்து எடுங்கள். வாடகைக்குக் கிடைத்தால் அதுவே போதும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன், உறை இருந்திருந்தால் நான்கு.

ஏழாவது வாரம், நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுக்க டாக்டர் அனுமதித்தார். முழங்கால்களுக்கு நடுவே சாதாரண இலவம்பஞ்சுத் தலையணையை வைத்து அன்று ஆறு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினேன். நீல முக்கோணம் இப்போது எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது; வேட்டி உறைகள் இரண்டையும் துவைத்துச் சேர்த்தே கொடுத்தோம்.