பங்குப் பத்திரமா, முத்திரைத்தாளா, ராணுவக் காகிதமா: ஏலத்தில் எதை எடுப்பது?

கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. ஒரே ஏலத்தில் மூன்று லாட்டுகள் வருகின்றன: பழைய நூற்பாலை ஒன்றின் பங்குப் பத்திரம், விக்டோரியா தலை போட்ட முத்திரைத்தாளில் எழுதிய கிரயப் பத்திரம், முதல் உலகப் போருக்குப் போய்வந்த சிப்பாய் ஒருவரைப் பணியிலிருந்து விடுவித்த டிஸ்சார்ஜ் சான்றிதழ். எதற்குக் கேட்பது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிரயப் பத்திரம். மூன்றில் பார்வைக்கு மிகச் சாதாரணமானது அதுதான். இருந்தும் ஏன் என்று சொல்கிறேன்.

அழகு என்றால் பங்குப் பத்திரம்தான். ஓரமெல்லாம் கொடிவேலைப்பாடு, நடுவில் ஆலையோ கப்பலோ, கீழே இயக்குநர்களின் கையெழுத்து, கம்பெனியின் அழுத்து முத்திரை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினால் சுவருக்கே ஒரு களை வந்துவிடும். மொழி தெரியாதவருக்கும் படம் புரியும் என்பதால் உலகம் முழுவதும் வாங்க ஆள் இருக்கிறார்கள், விற்கவும் சுலபம்.

சில காகிதங்கள் இன்னும் உயிரோடு இருப்பதும் உண்டு. நெதர்லாந்தில் லெக் ஆற்றங்கரையைப் பராமரிக்க 1648-ல் வெளியிட்ட கடன் பத்திரம் ஒன்றை யேல் பல்கலைக்கழகம் 2003-ல் வாங்கியது. ஆட்டுத்தோலில் எழுதிய அந்தப் பத்திரத்துக்கு 2015-ல் 12 வருட வட்டியாக 136 யூரோ கேட்டு வாங்கினார்கள். படிக்கும்போதே சிலிர்க்கிறது.

ஆனால் நம் ஊர்ப் பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் பங்குப் பத்திரம் உயிரோடிருந்தால் அது வில்லங்கம். கம்பெனி இன்றும் நடக்கிறது என்றால் அந்தப் பங்கு, அதில் பெயர் இருப்பவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்ட பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து கேட்டுப் பெறும் உரிமையும் வாரிசுகளுக்குத்தான். காகிதம் வாங்கிய உங்களுக்கு ஒன்றும் வராது. மூடிப்போன கம்பெனியின் பத்திரமோ துளையிட்டு ரத்து செய்த பத்திரமோதான் சேகரிப்புக்குச் சரி.

இதில் எனக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்ற கணக்கில் எழுந்தது. அந்தப் பங்குப் பத்திரம் நிஜமாகவே எதிரில் வந்தால் நான் இங்கே எழுதும் எந்த வாதமும் செல்லாது. கடன் வாங்கியாவது கேட்பேன். ஆனால் ஆசை கூடும் இடத்தில்தான் போலியும் கூடும். அச்சில் வந்ததை மறுபடி அச்சடிக்கலாம். கம்பெனி போனதோடு அதன் பங்குதாரர் பதிவேடும் போயிருந்தால், எதோடு ஒத்துப்பார்ப்பது?

கிரயப் பத்திரம் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். பதிவான பத்திரத்தின் மேல் புத்தக எண், வால்யூம், பக்கம், ஆவண எண் எல்லாம் இருக்கும். அதே வாசகத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் ஏறியிருக்கும். காகிதத்துக்கு வெளியே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சாட்சி அதன் பின்புறத்திலும் உண்டு: முத்திரைத்தாள் விற்பனையாளர் எந்தத் தேதியில், யாருக்கு, என்ன மதிப்புக்கு விற்றார் என்று எழுதியிருப்பார். அந்தத் தேதிக்கு முந்தைய நாளைப் போட்டு முன்பக்கம் எழுதியிருந்தால் அந்த லாட்டை விட்டுவிடுங்கள். எழுதாத பழைய தாள் கையில் கிடைத்தவர்கள் செய்யும் வேலை அது.

இன்னொரு பெரிய காரணம், இதை நம்மால் படிக்க முடியும். ஏல அட்டவணையில் பெரும்பாலும் “வட்டார மொழி ஆவணம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பதோ ஒரு ஊரே. ‘இதற்குச் செக்குபந்தி’ என்று தொடங்கி நான்கு எல்லையும் வரும்: கிழக்கே யாருடைய புஞ்சை, மேற்கே எந்த வாய்க்கால், வடக்கே எந்தக் கோயில் மானியம். மாவும் காணியும் முந்திரியுமாகப் பின்னக் கணக்கு வரும். கையெழுத்துத் தெரியாதவரின் கீறல், பக்கத்திலேயே அதை எழுதியவரின் குறிப்பு, சாட்சிகள், எழுதினவர் பெயர். ‘௲௮௱௯௰௨ ௵’ என்று இருந்தால் அது 1892-ஆம் வருஷம் என்று விற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நாகர்கோவில் பக்கத்துப் பத்திரங்கள் இன்னும் சுவையானவை. 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், சமஸ்தானத்தின் சங்கு முத்திரைக்குக் கீழே தமிழ் எழுத்தும் கொல்லம் ஆண்டுமாக இருக்கும். 1075 என்று கண்டு மலைக்க வேண்டாம், 825-ஐக் கூட்டினால் ஏறத்தாழ நம் கணக்கு வந்துவிடும். இதையெல்லாம் லண்டனில் இருக்கும் சேகரிப்பாளர் காசு கொடுத்துப் படித்துச் சொல்லக் கேட்க வேண்டும். நமக்கு அது பாட்டி வீட்டுப் பேச்சு.

குறை இல்லாமல் இல்லை. விற்கப்போனால் விலை மெதுவாகத்தான் ஏறும். யாருடைய மூலப் பத்திரமோ வீட்டை விட்டு வழிதவறி வந்திருக்கலாம். சமீபத்திய காலத்துச் சொத்துப் பத்திரங்களை நான் தொடுவதே இல்லை, அந்தக் குடும்பத்துக்கு அது இன்னும் தேவைப்படும். வடக்கே முத்திரைத்தாளின் மீதே யானையும் ராணியும் தீட்டி ஓவியமாக விற்கிறார்கள். ஆவணத்தைக் கொன்று செய்த படம் அது. எனக்கு அதைப் பார்க்கவே மனம் வராது.

உண்டியல் என்று நம் வணிகர்கள் சொன்ன ஹுண்டிகளையும், அதாவது இன்னாருக்குப் பணம் தரவும் என்று வணிகர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளையும், இந்த வரிசையில் சேர்க்கலாம். கண்டவுடன் பணம் தரவேண்டிய தர்சனி, தவணைக்குப் பின் தரவேண்டிய முத்ததி என இரண்டு வகை. சின்னதாக இருக்கும், விலையும் எட்டும். வணிக எழுத்தைப் படிக்கத்தான் பழக வேண்டும்.

ராணுவக் காகிதம் மனதைப் பிடிப்பது வேறு விதத்தில். சிப்பாயின் எண், தகப்பனார் பெயர், ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, பணிக்காலம் என்று ஒரு மனிதர் எதிரில் வந்து நிற்பார். முதல் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து பணியாற்றினார்கள். அந்தப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பிலும் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். காகிதமும் பதக்கமும் ஒத்துப்போனால் இரண்டின் மதிப்பும் கூடும். இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். பலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும்கூட இருக்கின்றன. உயிரோடு திரும்பியவரை அப்படித் தேட வழி குறைவு. பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பெரும்பகுதி 1940-ல் குண்டுவீச்சுத் தீயில் எரிந்துபோனது. அதனால் குடும்பங்களில் தங்கிய தாள்களுக்கு அங்கே தனி மதிப்பு.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று. பதக்கம் ஒரு லாட், சான்றிதழ் ஒரு லாட் என்று பிரித்து விற்பது. விற்பவருக்கு லாபம் கூடும், சிப்பாய் இரண்டாகப் போவார். இரண்டும் ஒன்றாக வந்தால் மட்டுமே நான் கேட்பேன். சுதந்திரத்துக்குப் பிந்தைய, ‘ரகசியம்’ முத்திரை குத்திய தாள்கள் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

எதை எடுத்தாலும் கேட்ட விலையோடு கணக்கு முடியாது. ஏல நிலையத்தின் கமிஷன், ஜிஎஸ்டி, தபால் செலவு எல்லாம் மேலே ஏறும். 5,000 இருந்தால் 4,000-க்கு மேல் கேட்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 வருடம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்க வேண்டாம்.

புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெண்மையூட்டிய பிற்காலக் காகிதம் அதன் கீழ் நீலமாகப் பளிச்சிடும். விக்டோரியா காலத்துத் தாள் அப்படி ஒளிராது. லேமினேட் செய்ததை இனாமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். வீட்டில் பாலியெஸ்டர் உறையில், தட்டையாக, காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சி எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒருமுறை முன்பக்கப் படத்தை மட்டும் நம்பி ஒரு பத்திரத்தை எடுத்தேன். வந்து சேர்ந்த பிறகு திருப்பிப் பார்த்தால், விற்பனையாளர் குறிப்பு இருந்த இடம் முழுக்க செல்லோடேப். மை பசையோடு உரிந்து வந்தது, தேதி போய்விட்டது. அன்றிலிருந்து பின்பக்கத்தின் படம் கேட்டு அனுப்பாத எந்த லாட்டுக்கும் நான் விலை கேட்பதில்லை.